நொண்டுங் கால் எது?

குதிரைக்கும் நாய்க்கும் உடற்பயிற்சி அளிப்பதற்கு ஒரு பட்டப் படிப்பா என்று நண்பரொருவர் என்னிடம் கேட்டு நகைத்தார். பிரித்தானியாவில் ஹாப்பர் அடம்ஸ் முதலிய பல்கலைக்கழகங்கள் மிருக இயன்மருத்துவத்தைப் பட்டப் பாடமாகவே கற்பிக்கின்றன என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. காயமுற்ற, அல்லது சத்திர சிகிச்சை பெற்ற விலங்கினைக் கைப்பக்குவத்தாலும் பயிற்சியாலும் நீராலும் மீண்டும் இயங்கச் செய்வதே இத்துறையின் பணி.

இது செல்வர் வீட்டு வேடிக்கையன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியான குதிரைகள், பேணத் தெரிந்த பரிகாரிகள் இல்லாமையால் விரைவில் மாண்டன என்று எழுதிவைத்தார். அவர் கூற்றில் மிகையிருக்கலாம், பொருளிருக்கிறது.

குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோகிராம். அதில் ஐந்தில் மூன்று பங்கினை முன்னங்கால்களே தாங்குகின்றன. அக்கால்களிலோ முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. எலும்பும் அதனையொட்டி ஓடும் தசைநாண்களுமே உள்ளன. பந்தயக் குதிரையின் தசைநாண் கிழிந்தால், ஆறிப் பழைய ஓட்டத்துக்குத் திரும்ப ஓராண்டு வரையும் செல்லலாம். எந்தக் கால் நோகிறது என்று அது வாய் திறந்து சொல்லாது. மாணவன் அதனை நேர்வழியே ஓடவிட்டுத் தலையைக் கவனிக்க வேண்டும். நோகும் முன்னங்கால் நிலத்திற் படும்போது குதிரை தலையை உயர்த்துகிறது. நலமான கால் படும்போது தாழ்த்துகிறது. கற்றுக்குட்டியோ தலை தாழும் பக்கத்துக் காலையே நோயுற்றதெனக் காட்டிவிடுவான். நொண்டல் சிறிதாயிருந்தால் தேர்ந்த மிருக வைத்தியர்களும் தமக்குள் முரண்படுகிறார்கள். புரியாத மொழியொன்றைக் கற்பதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாயின் சிகிச்சையில் நீர் பெருந்துணை. கண்ணாடித் தொட்டிக்குள் சுழலும் பட்டையின்மீது நாயை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரை நிரப்பி நடக்கவிடுகிறார்கள். நீர் கணுக்கால் மட்டத்தில் நின்றால் கால்கள் தாங்குவது உடற்பாரத்தில் நூற்றுக்கு 91 பங்கு. பின்முழங்கால் மட்டத்தில் 85. இடுப்பு மூட்டு மட்டத்தில் 38. ஒரு சாண் நீர் கூடினாற் சிகிச்சையே வேறாகிவிடுகிறது.

சட்டத்தின் நிலைதான் எனக்கு வியப்பளிக்கிறது. மிருக வைத்தியர் பரிசோதித்துப் பணித்த பின்னரே பிறர் விலங்குக்கு இயன்மருத்துவம் செய்யலாம் என 1962ஆம் ஆண்டின் ஆணை விதித்தது. 2015ஆம் ஆண்டின் ஆணையும் அதனையே வற்புறுத்துகிறது. ஆயினும், மனிதருக்குச் சிகிச்சை செய்யும் இயன்மருத்துவரின் பட்டப் பெயருக்கு அங்கே உள்ள சட்டக் காப்பு, ‘மிருக இயன்மருத்துவர்’ என்ற பெயருக்கு இல்லை. நான்கு வாரம் பயின்றவரும் பல்லாண்டு பயின்றவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டலாம். நோயாளி முறையிடப் போவதில்லையே!

உரிமையாளராவது உண்மையைக் கண்டுகொள்ள மாட்டாரா என்றால், அதுவும் ஐயமே. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மூட்டுவாதத்தால் நொண்டி, மருந்தற்ற வெறும் மாத்திரை கொடுக்கப்பட்ட நாய்களை ஆராய்ந்தது. காலூன்றும் விசையை அளக்கும் கருவி முன்னேற்றம் எதனையும் காட்டாதபோதும், உரிமையாளர் பலர் தம் நாய் தேறிவிட்டதென்றனர். அன்பு கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். ஆனால், மிருக வைத்தியர்களும் அவ்வாறே ஏமாந்தனர்.

ஆகவே, இப்படிப்பில் அளவு நாடாவுக்கு இருக்கும் மதிப்பினை நான் சிறிதாகக் கருதவில்லை. தொடையின் சுற்றளவு எவ்வளவு, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பவற்றைச் சிகிச்சைக்கு முன் ஒரு முறையும், சில வாரங்களின் பின் மறுமுறையும் அதே இடத்தில் அளந்து மாணவன் குறித்துவைக்க வேண்டும். எண்கள் அசையாவிடின், உரிமையாளர் எத்துணை மகிழ்ந்திருந்தாலும், சிகிச்சையை மாற்றவோ மிருக வைத்தியரிடம் திருப்பியனுப்பவோ வேண்டும்.