கொட்டும் நீரில் ஒரு கொடை

பாலைத் திரித்துப் பனீர் எடுத்தபின் தெளிநீர் எஞ்சுகிறது. வீட்டில் அது ஒரு கிண்ணம். பெரும் பால்பண்ணைகளிலோ பல்லாயிரம் லிட்டர். அதனை நம் அயனம்பாக்கம் ஏரி போன்றதொரு நீர்நிலையில் கொட்டினால் என்னாகும்? அதிலுள்ள பால் சர்க்கரையை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும், நீரில் கரைந்துள்ள பிராணவாயு குன்றும், மீன்கள் மடியும்.

இச்சர்க்கரையைப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. குளுக்கோஸ், காலக்டோஸ் என்னும் இரு சர்க்கரைகளின் பிணைப்பே பால் சர்க்கரை. லாக்டேஸ் என்னும் நொதி, நீர்த்த கரைசலில் அவ்விரண்டையும் பிரித்துவிடும். நூற்றுக்கு 30, 40 பங்கு பால் சர்க்கரை இருக்குமாறு கரைசலைச் சுண்டச் செய்தாலோ, பிரித்த காலக்டோஸை அருகிலுள்ள மற்றொரு பால் சர்க்கரையோடு கோத்துவிடும். இங்ஙனம் உண்டாகும் சிறு சங்கிலிகளே காலக்டோ ஆலிகோசாக்கரைடுகள். தக்க தருணத்தில் சூடேற்றி நொதியின் செயலை நிறுத்தல் வேண்டும். தவறினால், கோத்ததை அதுவே அறுத்துவிடும்.

இச்சங்கிலிகள் நம் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலை அடைந்து, ஆங்கு வாழும் பிஃபிடோபாக்டீரியா முதலிய நன்மை பயக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்களும் இத்துறையில் ஆராய்ந்துள்ளனர்.

ஏரியைக் கெடுக்கும் சர்க்கரையே குடலுக்கு நலம் தரும் உணவாகிறது. ஒன்றைக் கழிவென்று ஒதுக்குமுன், அதனுள் இருப்பது யாதென ஆராய்வீர்களாக.