வருகைப் பதிவேடும் கைப்பேசியும்



நான் ஆசிரியராக இருந்த காலத்தில், வராத பிள்ளைக்குப் பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டமிடுவோம். மாதக் கடைசியில் கூட்டும்போதுதான் பத்து நாள் வராதது கண்ணில் படும். பெற்றோருக்கான கடிதத்தை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தனுப்புவோம். அது வீடு போய்ச் சேர்ந்தால் அதிசயம்!

இன்று வகுப்பாசிரியர் கல்வி அமைச்சின் இயங்கலைத் தளத்தில் அன்றன்றே வருகையைப் பதிகிறார். யார் வரவில்லை என்பது காலையிலேயே தெரிந்துவிடுகிறது. பெற்றோருக்குத் தெரிவிப்பதில்தான் சிக்கல். கொழுந்துக் காட்டுக்குப் போன தாயார், புலனத்தில் மலாயில் வந்த செய்தியை மாலையில்தான் பார்ப்பார். மலைச் சரிவில் அலைவரிசையும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பாடங்கள் இயங்கலைக்கு மாறியபோது இந்தக் குறையை நாடே கண்டது.

ஆகவே எழுத்தைவிடக் குரல் பதிவே மேல். தமிழில், அரை நிமிடம் போதும்: “பிள்ளை இன்று வரவில்லையே, உடம்புக்கு என்னம்மா?” இதைக் குழுவில் போடாமல் தனியே அனுப்ப வேண்டும், நாலு பேர் பார்க்கப் பெயரைப் போட்டால் மறுநாளும் பிள்ளை வராது. வீட்டிலிருக்கும் பாட்டியின் எண்ணையும் பள்ளி வாங்கி வைப்பது நல்லது.

2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். தவறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அதுவரை போகவிடலாமா?

பெற்றோரும் பெரட்டுக்குப் போகுமுன் விடுப்பின் காரணத்தைச் சொல்லி அனுப்பலாம். கைப்பேசி எண் மாறினால், அருள்கூர்ந்து அன்றே பள்ளி அலுவலகத்தில் தெரிவியுங்கள்.