குடாக்கரை வளவும் நூறு மீற்றரும்

தரகர் போனில் சொன்ன விபரம் சுருக்கம். "பழைய கல்வீடு சேர். வளவு ரெண்டு ஏக்கருக்கு மேல. பின்பக்கம் குடாத் தண்ணி. வீட்டை இடிச்சுப்போட்டு ஹோட்டலே கட்டலாம்." திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் நீரோரக் காணி விற்பவர்களுக்கு வீடு என்பது இடிப்பதற்கு இருக்கும் ஒன்று, அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன். ஓடு சரிந்த விறாந்தை, ஒரு முழ அகலச் சுவர், சுண்ணாம்பு உதிர்ந்த இடமெல்லாம் செங்கல். காவலுக்கு இருந்த அம்மா நடு அறைச் சுவரில் இடுப்பளவில் படிந்திருந்த பழுப்புக் கோட்டை விரலால் தடவிக் காட்டினார். "கந்தளாய்க் குளம் உடைஞ்ச நேரம் வந்த தண்ணி, தம்பி. அதுக்கே இந்த வீடு அசையல்ல." 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்த அந்தக் குளக்கட்டு நூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தம்பலகாமத்து வயல்களுக்குச் சோறு போடுவதும் அதே குளம்தான்.

பின் எல்லையில் கண்டல் மரங்கள். வேர்ச் சேற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் தட்டையான சிப்பி ஓடு ஒன்று கிடந்தது. வெயிலில் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். கோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் இந்த வகை ஓட்டைத்தான் ஜன்னலில் கண்ணாடியாகப் பதித்தார்கள். தம்பலகாமக் குடாவில் இந்தச் சிப்பிக்காகவே ஒரு காலத்தில் முத்துக் குளிப்பு நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் கெலார்ட் அதை ஆராய்ந்தார். அதைப் பற்றிய கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹோர்னலின் அறிக்கை 1906இல் வந்தது. மன்னார் முத்துக்கு இருந்த மவுசு இதற்கு இல்லை. இதில் கிடைத்தது பொடி முத்து. நகைக்கு ஆகாதது மருந்துக்கும் வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் போனது. அந்த ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கரைக் காணிக்கு இன்றைய கிராக்கி எங்கிருந்து வந்தது? குடாவின் வாயில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்கு முன் படகுப் பாதையில் காத்துக் கிடந்த ஊர், கார் வந்து நிற்கும் ஊரானது. யுத்தமும் அந்த ஆண்டு மே மாதந்தான் முடிந்திருந்தது.

ஆனால் கரை முழுக்க விற்பவருக்குச் சொந்தம் இல்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் கடற்கரையிலிருந்து உள்ளே 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. 2011 திருத்தம் கடலோடு தொடுத்த களப்பு, குடாக்களின் ஓரத்தையும் 100 மீற்றர் வரை அதற்குள் கொண்டுவந்தது. அதற்குள் எதைக் கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கல்வீடும் கிணறும் கண்டலும், தரகர் 'ஹோட்டல்' என்று கைகாட்டிய மேடும் அந்த நூறு மீற்றருக்குள்தான்.

உறுதி இன்னொரு தலையிடி. இந்தப் பக்கத்தில் உறுதிக் காணியும் உண்டு, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியும் உண்டு. பெர்மிட் காணியை நினைத்தபடி கைமாற்ற முடியாது. இடம்பெயர்ந்து போனவர்களின் காணியில் வேறொருவர் பத்து வருடம் இருந்தால் ஆட்சி உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். 1983 மே முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது, அதுவும் குறித்த தவணைக்குள் வழக்குப் போட்டவர்களுக்கு. ஆகவே காணிப் பதிவகத்தில் ஏடு புரட்டாமல் முற்பணம் கொடுப்பது புத்தி அல்ல.

வாங்க நினைப்பவருக்கு ஒன்று சொல்வேன். முதலில் நில அளவையாளரைக் கூட்டிப்போய் அந்த நூறு மீற்றரை அளப்பியுங்கள். பிறகு வீட்டின் ஓட்டை மாற்றுங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். இடித்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி கட்ட அனுமதி கிடைக்கும் என்று எந்தத் தரகரும் உங்களுக்கு எழுதித் தரமாட்டார்.