உங்களுக்குத் தெரியுமா? யானைக் காசும் கடலில் மூழ்கிய காசும்

தருமபுரி மாவட்டத்து மொரப்பூர் அடங்கிய பாரமகால் பகுதி 1792 வரை திப்பு சுல்தானிடம் இருந்தது. அவருடைய செப்புக் காசில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்தில் அச்சடித்த ஊரின் பெயர். திப்பு கொண்டுவந்த மவுலூதி ஆண்டு பொறித்த காசுகளில் எண்ணை வலமிருந்து வாசிக்க வேண்டும்: 5121 என்றிருந்தால் அது 1215. புதிதாகச் சேகரிப்பவர்கள் தடுமாறும் இடமே இதுதான்.

அடுத்து வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி காசு. சென்னை மாகாணத்துக்கான 10, 20 காசு நாணயங்கள் பர்மிங்ஹாமில், மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அச்சாயின. 1809 ஜனவரியில் இந்தக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அதிலிருந்த 1808ஆம் ஆண்டுக் காசுகள் 1980களில் லட்சக்கணக்கில் மீட்கப்பட்டன. அதனால் இன்று அவை எளிதில் கிடைக்கின்றன. பலவற்றில் உப்பு அரித்த குழிகள் தெரியும்.

சேகரிக்கத் தொடங்குபவர்கள் ஆண்டுவாரியாக அலைய வேண்டாம், வகைக்கு ஒன்று போதும். கையில் கிடைத்ததைப் புளி போட்டு மட்டும் விளக்கிவிடாதீர்கள். பழுப்பு நிறம் போனால் விலையும் போய்விடும்.