ஒன்பது மாணவரும் ஒரு படிக்கல்லும்

2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளில் இருக்கும் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 50,307 ரூபாய் செலவாகிறது என்று கணக்கிட்டது. இத்தகைய எண் ஒன்று கிடைத்தவுடன் அதையே முழக்கோலாக்கி ஊர் ஊராக அளந்து, ‘தேசியச் சராசரியைவிடக் கூடுதல்’ என்று தலைப்பிடும் அவசரம் எங்கும் காணப்படுவதே. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பொன்னேரிக்கும் சென்னைக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே அதைவிட அதிகம் செலவாகிறதா என்பதை, எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டுச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்குப் புள்ளியியல் வைத்திருக்கும் கருவியின் பெயர் ‘ஒரு மாதிரி டி-சோதனை’.

கணக்குக்காக ஒன்பது மாணவர்களைக் கற்பனை செய்துகொண்டு, கட்டணம், பேருந்து, புத்தகம், விடுதி எல்லாம் சேர்த்து அவர்களின் ஆண்டுச் செலவு ஆயிரம் ரூபாய்களில் 38, 46, 52, 56, 60, 62, 68, 74, 84 என்று வைத்துக்கொண்டால், சராசரி 60 ஆகிறது. தேசிய எண்ணை 50 என்று முழுமையாக்கினால் இடைவெளி 10. இந்தப் பத்து பெரிதா சிறிதா என்பது, எண்கள் தமக்குள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சராசரியிலிருந்து எண்கள் விலகும் அளவான திட்ட விலக்கம் இங்கே 14.14, அதை ஒன்பதின் வர்க்கமூலமாகிய மூன்றால் வகுத்தால், சராசரியே எவ்வளவு தள்ளாடக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப்பிழை 4.71 என்று வரும். இடைவெளியைத் திட்டப்பிழையால் வகுத்துக் கிடைக்கும் 2.12 என்பதே டி.

பள்ளியில் படித்த மணி வடிவ வளைவை நம்பினால், 1.96ஐத் தாண்டியவுடன் ‘இது தற்செயல் அல்ல’ என்று அறிவித்துவிடலாம். ஆனால் ஒன்பது பேருக்கான டி அட்டவணை 2.306ஐத் தாண்டச் சொல்கிறது. இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் முறையின் அழகெல்லாம் அடங்கியிருக்கிறது. ஊர் முழுவதன் சிதறல் யாருக்கும் தெரியாததால், அதையும் இதே ஒன்பது பேரிடமிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. தற்செயலாக ஒத்த செலவுக்காரர்களே மாதிரியில் அமைந்துவிட்டால் சிதறல் உள்ளதைவிடச் சிறுத்துத் தோன்றும், வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருக்கும், ஆக ஊரில் எந்த வேறுபாடும் இல்லாதபோதே டி பெரிதாகிவிடும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்துக்கு ஈடாகத்தான் வேலி தள்ளிப் போடப்படுகிறது.

ஏலக்கூடத்தில் இறால் கூடையை நிறுக்கும் வியாபாரி, படிக்கல்லையும் அதே கூடையிலிருந்து பொறுக்கிய இறால்களைக் கட்டிச் செய்துகொண்டால் எப்படியோ அப்படிப்பட்ட நிறுவை இது. கூடைக்குள் தவறிப்போய் ஒரு பெரிய கொடுவா மீன் விழுந்துவிட்டால் சரக்கின் எடை கூடும், ஆனால் கல்லும் அதே கூடையில் பிறந்ததால் அதுவும் கனத்துவிடும். ஒன்பதாவது மாணவர் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்து, அவருடைய 84 ஆயிரம் 384 ஆயிரமாக மாறினால், சராசரி 93.3க்கும் இடைவெளி 43.3க்கும் தாவுகின்றன, டியோ 2.12இலிருந்து 1.19க்கு விழுகிறது! அந்த ஒருவரின் செலவை ஒரு கோடியாக்கினால் டி 1.01 ஆகும், இன்னும் ஏற்ற ஏற்ற ஒன்றை நெருங்கும். கொடுவா திமிங்கிலமாக வளர்ந்தால் கூடையும் தராசும் வியாபாரியும் சேர்ந்து நீருக்குள் போய்விடுவார்கள் என்பதால் உவமை இங்கே நின்றுவிடுகிறது, கணக்கு நிற்பதில்லை. நடுவில் நிற்கும் ஐந்தாவது எண், அதாவது இடைநிலை, இவ்வளவு அமளியிலும் 60 ஆகவே இருக்கிறது.

வரலாறும் கொஞ்சம் வேண்டுமென்றால், டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரையே இதற்கு மூலம் என்பதோடு முடித்துக்கொள்ளலாம். மாணவர் செலவை அளக்கும் சோதனைக்கு ‘மாணவர்’ என்றே பெயர் அமைந்தது தற்செயல்தான். அவர் 3,000 கைதிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்துத் தம் சூத்திரத்தைச் சரிபார்த்தார்.

அட்டையைக் கலைப்பதன் பொருள் பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் விழாது என்பதால், சுத்து வலை போடும் இடங்களைத் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கம் அங்கே உண்டு. குலுக்கல் இல்லாத மாதிரிக்கு டி-சோதனை எந்த உத்தரவாதமும் தருவதில்லை; ஒரே பேருந்தில் ஒரே கல்லூரிக்குப் போகும் அண்ணன் தங்கை மூவரைக் கேட்டால், சோதனை அவர்களை மூன்று தனித்தனிச் சாட்சிகளாக எண்ணும், உண்மையில் கிடைத்திருப்பது ஏறக்குறைய ஒரே சாட்சிதான்.

தலைப்புச் செய்தியின் தைரியம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதையும் பார்க்கலாம். இதே சராசரியோடும் இதே சிதறலோடும் பதினொரு பேர் கிடைத்திருந்தால் டி 2.35 ஆகி, அந்த அளவுக்குரிய 2.228ஐத் தாண்டியிருக்கும், இரண்டு பேர் கூடுதலாகக் கிடைத்திருந்தால் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்பது ‘நிரூபணம்’ ஆகியிருக்கும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயை ஒன்பது பேருக்கும் கழித்தாலோ, சிதறல் துளியும் மாறாமல் சராசரி மட்டும் 48க்கு இறங்கி, ஊர் தேசிய எண்ணுக்குக் கீழே போய்விடுகிறது. அந்தத் தேசிய எண்ணும் ஒரு மாதிரியிலிருந்து ஊகித்ததே, அதுவும் 2018இன் விலைவாசியில். சோதனை அதைக் கல்லில் வெட்டிய எழுத்தாக எடுத்துக்கொள்கிறது.

பிளஸ் டூ முடித்துப் படிப்பை நிறுத்திவிட்டு வலைக்குப் போன பையனுக்கு இந்தப் பட்டியலில் வரியே கிடையாது. அவனுடைய கல்லூரிச் செலவைப் பூச்சியம் என்று எழுதிப் பத்தாவதாகச் சேர்த்தால், சராசரி 54க்கு இறங்க, டி 0.55 ஆகிவிடும்.