அந்தரத்தில் நிற்கப் பழகுவது எப்படி?



தட்டான் பூச்சி ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டரும் அப்படி நிற்கும். அதற்கு ஹோவரிங் என்று பெயர். பார்த்தால் சும்மா நிற்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் ரிமோட் ஹெலிகாப்டர் பழகுகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம். ரொம்பக் கஷ்டமான பாடமும் அதுதான். எங்கள் அண்ணன் அந்தப் பாடத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்தான்.

அண்ணன் கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறான். அஜித் ரசிகன். 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அதைப் படித்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பைத்தியம். போன வருடம் கூட வேலை செய்பவரிடம் ஒரு ரிமோட் ஹெலிகாப்டரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனான். பின்னாடியே நாங்கள் பத்துப் பேர்.

ஹெலிகாப்டர் எழும்பியது. இடது பக்கம் வழுக்கியது. அண்ணன் வலது பக்கம் தள்ளினான். அது வலது பக்கம் ஓடியது. அவன் இன்னும் வேகமாக இடது பக்கம் தள்ளினான். நாலு எண்ணுவதற்குள் மணலில் விழுந்துவிட்டது. இறக்கை இரண்டும் உடைந்து, வால் குழாய் வளைந்து, பல்சக்கரம் தேய்ந்து போச்சு. உடைந்த ஒரு துண்டு பக்கத்து வீட்டுத் தம்பியின் காதை உரசிக்கொண்டு போனது. அந்த இறக்கை நிமிடத்துக்கு 2,000 தடவைக்கு மேல் சுற்றும். கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. நண்பருக்குக் காசு கொடுத்து முடிக்க மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசமும் எனக்கு டியூஷன் கிடையாது.

சரி, ஏன் விழுந்தது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஹெலிகாப்டரில் ஒரே நேரத்தில் நாலு வேலை நடக்கிறது. மேலே இருக்கும் பெரிய இறக்கைகளின் சாய்வைக் கூட்டினால் மேலே போகும், குறைத்தால் இறங்கும். இது ஒண்ணு. முன் பின் சாய்ப்பது இரண்டு. இடது வலது சாய்ப்பது மூணு. நாலாவது வால் விசிறி. நியூட்டனின் மூன்றாம் விதி ஞாபகம் இருக்கிறதா? மேல் இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் சின்ன விசிறி. அந்த விசிறி உடம்பு சுற்றாமல் பிடித்துக்கொள்ளும்போதே மொத்த ஹெலிகாப்டரையும் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிவிடும். அதைச் சரிக்கட்ட ஹெலிகாப்டர் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். நேராக நிற்கிற மாதிரி தெரிவது நம் கண்ணுக்குத்தான்! இதில் ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் மாறும்.

அண்ணன் செய்த தப்பு வேறு. குச்சியை நடுவில் விட்டுவிட்டால் ஹெலிகாப்டர் தானாக நேராகிவிடும் என்று நினைத்திருக்கிறான். ஆகாது. சாய்ந்தது சாய்ந்தபடியே வேகம் கூடிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் துளி கொடுத்து நிறுத்த வேண்டும், நிற்பதற்கு முன்னாடியே அந்தத் துளியையும் திரும்ப எடுத்துவிட வேண்டும். கண்ணால் பார்த்து, யோசித்து, பிறகு தள்ளினால் நேரம் போதாது. கை தானாகச் செய்ய வேண்டும்.

எங்கள் அப்பா ஹெலிகாப்டரைத் தொட்டது கூட இல்லை. ஆனால் அவர்தான் சரியாகச் சொன்னார். "கட்டுமரத்துல நிக்கிறவன் சும்மாவா நிக்கிறான்? காலு வேலை செஞ்சிக்கினே இருக்கும். நீ சாஞ்சப்புறம் தூக்கப் பாக்குற. சாயறதுக்கு முன்னாடி தூக்கணும்டா."

சரி, கைக்கு இதை எப்படிப் பழக்குவது? ஒவ்வொரு தடவையும் 8,000 ரூபாய்க்கு எங்கே போவது? அதற்குத்தான் சிமுலேட்டர். நிஜ ரிமோட் மாதிரியே ஒன்றைக் கம்ப்யூட்டரில் சொருகினால் திரையில் ஹெலிகாப்டர் பறக்கும். விழுந்தால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், புதுசாக வந்து நிற்கும். அண்ணனுக்கு பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருந்தது. அதில்தான் ஆரம்பித்தோம்.

இந்த யோசனை பழையது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பாவுக்கு பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்தியை வைத்தே மகன் 1929-ல் ஆடி அசையும் ஒரு பொய் விமானம் செய்தார். முதலில் ராணுவம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934-ல் தபால் எடுத்துப் போன ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் சிக்கிப் பல பேர் செத்த பிறகுதான் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள். சிகோர்ஸ்கிக்கு அந்த வசதியும் இல்லை. 1939 செப்டம்பர் 14-ல் தன் வி.எஸ்.300 ஹெலிகாப்டரை முதல் தடவை கிளப்பியபோது அதை ஓட்டச் சொல்லித்தர உலகத்திலேயே ஆள் இல்லை. கயிற்றால் கட்டி வைத்து அவரே ஏறிப் பழகினார்.

பழகும்போது முதலில் ஹெலிகாப்டரின் வால் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது அதன் இடது நம் இடதுதான். இருபது நாளில் நான் ஒரு நிமிடம் நிறுத்தினேன். (அண்ணனுக்கு முப்பது நாள் ஆச்சு. இதை அவன் படிக்க மாட்டான் என்று தைரியமாக எழுதுகிறேன்.) அடுத்தது பக்கவாட்டு. கடைசியாக மூக்கு நம்மைப் பார்த்து நிற்கிற நிலை. அங்கேதான் அழுகை வரும். எதிரே நிற்பவரின் வலது கை நம் இடது பக்கம் இருக்கும் அல்லவா, அதே மாதிரி எல்லாம் தலைகீழாகிவிடும். நான் கண்டுபிடித்த வழி இதுதான்: எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. இடது எது, வலது எது என்று யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் சிமுலேட்டர் எல்லாவற்றையும் சொல்லித்தராது. மத்தியானம் எழும்பும் கடல் காற்று அதில் கிடையாது. திரை தட்டையானது, தூரம் சரியாகத் தெரியாது. முக்கியமாக அதில் பயம் கிடையாது.

இன்னொரு விஷயமும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 2021-ல் வந்த மத்திய அரசின் டிரோன் விதிகளில் ஆகாயத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. நம் பக்கமெல்லாம் துறைமுகம், எண்ணெய், மின் நிலையம் என்று இருக்கிறது. அண்ணன் அன்றைக்கு வரைபடத்தைப் பார்க்காமலே கிளப்பியிருக்கிறான்.

இந்த வருடம் பொங்கல் லீவில், வரைபடத்தில் பச்சையாக இருந்த ஒரு இடத்துக்குப் போனோம். பொன்னேரியைத் தாண்டி, அறுவடை முடிந்த வயல். காலை ஆறரை மணி, காற்றே இல்லை. அதே நண்பரின் ஹெலிகாப்டர். (திரும்பக் கொடுத்தாரே, அவர் பெரிய மனசுக்காரர்.) சின்னப் பசங்களை ரொம்பத் தள்ளி நிற்க வைத்தோம். அண்ணன் முதலில், பிறகு நான். என் கை நடுங்கியது, ஆனால் விரல்கள் தன் வேலையைத் தானே செய்தன. முழங்கால் உயரத்தில் நின்றது. நாற்பது வினாடி. இறக்கியதும்தான் மூச்சு விட்டேன்.

அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. 2024 ஜூனில் அனாமிகா பி. ராஜீவ் அங்கே பயிற்சி முடித்துக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் ஆனார். டிரோன் ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க பத்தாம் வகுப்பு பாஸ் ஆகி 18 வயது முடிந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

யாருக்காவது சிமுலேட்டர் பழக ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். லேப்டாப் பேட்டரி நிற்காது, கரன்ட் இருக்கிற நேரமாக வாருங்கள்.