நடந்தால் மனம் தேறுமா?

மனச்சோர்வில் முடங்கிக் கிடப்பவரைப் பார்த்து நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுவதுண்டு. "சும்மா படுத்துக் கிடக்காதே, எழுந்து நாலு சுற்று நடந்துவிட்டு வா" என்பார் ஒருவர். "இது மூளை சம்பந்தப்பட்ட வியாதி, நடந்தால் போய்விடுமா?" என்பார் மற்றொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அறியாததால்தான் பல குடும்பங்கள் தவிக்கின்றன.

மலேசிய சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, 16 வயதைக் கடந்தவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். 2019இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. இது ஒரு நாள் கவலையோ சோம்பலோ அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, தூக்கமின்மை, பசியின்மை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் ஆகியவை நீடித்தால் அது நோய்.

மருந்துக்கு இணையாகுமா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 மனச்சோர்வு நோயாளிகள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் செர்ட்ரலின் மாத்திரை உட்கொண்டனர். இன்னொரு பிரிவினர் வாரம் மூன்று முறை, 30 நிமிடம் வேகநடையோ மெதுவோட்டமோ மேற்கொண்டனர். மூன்றாம் பிரிவினர் இரண்டையும் செய்தனர்.

16 வாரங்களுக்குப் பின் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். ஆனால் தொடக்க வாரங்களில் விரைவாகப் பலன் தந்தது மாத்திரைதான். உடற்பயிற்சி மெதுவாக வேலை செய்யும் மருந்து என்பதே இதன் பொருள்.

மூளையில் நடப்பது என்ன?

'ஓடினால் எண்டோர்ஃபின் சுரக்கும், மனம் குளிரும்' என்று சொல்வார்கள். ஓடி முடித்ததும் வரும் உற்சாகத்துக்கு அது ஓரளவு காரணமாகலாம். ஆனால் அந்த உற்சாகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும்; மாதக்கணக்கில் நீடிக்கும் நோயை அது மட்டும் தீர்த்துவிடாது. செரோட்டோனின் என்ற ஒரு இரசாயனம் குறைந்ததுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்ற எளிய விளக்கத்துக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று 2022இல் வெளிவந்த ஒரு மறு ஆய்வு கூறியது.

இப்போது ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது பி.டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பற்றி. 1982இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது, செடிக்கு எருவைப் போல நரம்பணுக்கள் பிழைத்து வளர உதவுகிறது. நினைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி, நெடுநாள் மனச்சோர்வு உள்ளவர்களிடம் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு இதே பகுதி சுமார் 2 விழுக்காடு வளர்ந்தது. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர் என்றாலும், வயதான மூளையும் நடைக்கு இசைந்து கொடுக்கிறது என்பது தெரிகிறது.

தசைக்கும் இதில் பங்குண்டு. மன உளைச்சலின்போது உடலில் பெருகும் கைனுரெனின் என்ற பொருள் மூளைக்குள் புகுந்து கெடுதல் செய்யக்கூடியது. பயிற்சி பெற்ற தசை, அதனை மூளைக்குள் எளிதில் நுழைய முடியாத வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தினர் 2014இல் எலிகளைக் கொண்டு இதைக் காட்டினர்.

"நட" அல்ல, "வா நடப்போம்"

இவ்வளவு நன்மை இருந்தும் நோயாளி ஏன் நடப்பதில்லை? எழுந்திருக்கும் மனத்தையே பறித்துக்கொள்வதுதான் இந்த நோய். கால் உடைந்தவரை ஓடச் சொல்வதும், துணையின்றி இவரை நடக்கச் சொல்வதும் ஒன்றுதான். டியூக் ஆய்வில் பயிற்சி செய்தவர்களும் தனியாகச் செய்யவில்லை. மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் குழுவாகவே செய்தனர்.

ஆகவே, அண்ணனோ மகளோ கணவரோ, "வாங்க, கடை வரைக்கும் போய் வருவோம்" என்று செருப்பை எடுத்து வைப்பதே முதல் உதவி. முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வெயிலுக்கு முன் காலையிலோ, வெயில் தாழ்ந்த பின் மாலையிலோ குடியிருப்புத் திடலைச் சுற்றலாம். நடைக்கு மட்டுமன்றி, யோகாவுக்கும் எடை தூக்கும் பயிற்சிக்கும் பலன் இருப்பதாக 218 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த ஓர் அறிக்கை கூறுகிறது. இதய நோய், இனிப்புநீர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. நடக்கத் தொடங்கியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் நடைப்பயிற்சியை நம்பிக் காத்திருக்கவும் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 15555 என்ற ஹீல் உதவி எண்ணிலும், 03-7627 2929 என்ற பிஃபிரெண்டர்ஸ் எண்ணிலும் மனம் விட்டுப் பேசலாம்.

மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார். கூட நடக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தாம்.